குத்துச்சண்டை வீரர் நிஷாந்த் தேவ் தொழில்முறைக்குப் போனது அவசரமா, சரியான நேரமா? (மே 2025)

மூன்றாம்_சுற்று:
குடியரசு தினத்தன்று காலையில் எத்தனை பேர் பார்த்தீர்கள் என்று தெரியவில்லை. அங்கே லாஸ் வேகாஸில் இன்னும் ஜனவரி 25 சனிக்கிழமைதான். காஸ்மோபாலிட்டன் ஓட்டல் அரங்கில் கர்னால் பையன் நிஷாந்த் தேவ் தன் முதல் தொழில்முறைச் சண்டையில் ஆல்டன் விக்கின்ஸை முதல் ரவுண்டிலேயே முடித்துவிட்டார். நானும் கைதட்டினேன். ஆனால் அன்றிலிருந்து ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருக்கிறது.

வயது 24. தாஷ்கண்டில் 2023இல் உலக சாம்பியன்ஷிப் வெண்கலம். பாரிஸ் ஒலிம்பிக்கில் 71 கிலோ பிரிவில் காலிறுதி வரை வந்து, மெக்சிகோவின் மார்கோ வெர்டேயிடம் 1-4 என்று நடுவர் தீர்ப்பில் தோற்றார். ஒரு வெற்றி கூடியிருந்தால் பதக்கம். அந்த இடத்தில் இருப்பவர், அடுத்த ஒலிம்பிக்கை விட்டுவிட்டு, தொழில்முறைச் சண்டைகளை நடத்தும் மேட்ச்ரூம் நிறுவனத்தில் கையெழுத்துப் போட்டதைத் தவறு என்றே நினைக்கிறேன். அவர் அறிமுகமான இரண்டே மாதத்தில், மார்ச் 20 அன்று, கிரீஸில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி லாஸ் ஏஞ்சலஸ் 2028இல் குத்துச்சண்டை உண்டு என்று வாக்களித்துவிட்டது. கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?

ராயபுரத்தான்:
அண்ணே, மார்ச்சுல நடந்ததை வச்சு ஜனவரியில எடுத்த முடிவைத் தப்புன்னு சொல்றது நியாயமே இல்ல. அந்த நேரத்துல நிலைமை என்ன? 2028க்கான முதல் பட்டியல்லயே குத்துச்சண்டை கிடையாது. பழைய சர்வதேச சங்கத்தோட அங்கீகாரத்தை 2023லயே ரத்து பண்ணிட்டாங்க. புதுசா வந்த வேர்ல்ட் பாக்ஸிங் சங்கத்துக்குத் தற்காலிக அங்கீகாரமே இந்த பிப்ரவரி கடைசியிலதான் கிடைச்சுது. வருமா வராதான்னே தெரியாத ஒலிம்பிக்குக்காக ஒரு பையன் நாலு வருஷம் காத்திருக்கணுமா? குத்துச்சண்டைக்காரனுக்கு 24லருந்து 28 வரைக்கும்தான் பொன்னான வயசு.

பாரிஸ் தீர்ப்பையும் கொஞ்சம் யோசிங்க. அந்த மார்க் போட்ட விதத்தை ஒலிம்பிக் பதக்கம் வாங்கின விஜேந்தர் சிங்கே வெளிப்படையா கேள்வி கேட்டாரு. முதல் ரவுண்டை எடுத்த பையன் 1-4ன்னு வெளிய வர்றான். இன்னொரு தடவை அதே மாதிரி அஞ்சு நடுவர் கையில தலையெழுத்தைக் கொடுன்னு சொன்னா நான் கொடுக்க மாட்டேன்.

மூன்றாம்_சுற்று:
தொழில்முறையில் மட்டும் நடுவர் இல்லையா தம்பி? அங்கே மூன்று பேர்தான் உட்கார்கிறார்கள். தவறான தீர்ப்புகளுக்கு அங்கேயும் பஞ்சமில்லை.

கோவை_நிலா:
இருவருமே விகாஸ் கிரிஷனை மறந்துவிட்டீர்கள். 2018 காமன்வெல்த்தில் 75 கிலோ தங்கம் வென்ற அதே வருடம் டாப் ரேங்க் என்ற தொழில்முறை நிறுவனத்தில் சேர்ந்தார். 2019 ஜனவரியில் நியூயார்க் மாநிலத்தில் அறிமுகம், ஏப்ரலில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் இரண்டாவது. இரண்டுமே வெற்றி. அதன்பின் ஒலிம்பிக் ஆசையில் திரும்பி வந்தார். ஜோர்டானின் அம்மான் நகரில் நடந்த தகுதிச் சுற்றில் டோக்கியோவுக்கு இடமும் பிடித்தார். டோக்கியோவில் முதல் போட்டியிலேயே ஜப்பானின் ஒகசாவாவிடம் 0-5. தொழில்முறையில் ஓடத் தொடங்கிய வண்டியும் நின்றது, ஒலிம்பிக் பதக்கமும் வரவில்லை. இரண்டு படகில் கால் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு உதாரணம் தேவையில்லை.

அதனால் நிஷாந்த் போனது சரியா தவறா என்பதைவிட, போனபின் பாதியில் திரும்பாமல் இருப்பாரா என்பதுதான் என் கவலை.

ராயபுரத்தான்:
நிலா அக்கா சொல்றது சரி. ஆனா திரும்பி வந்தாலே தோல்விதான்னு இல்லக்கா. கீஷான் டேவிஸைப் பாருங்க. 2021 தொடக்கத்துல தொழில்முறைக்குப் போனாரு, அதே வருஷம் டோக்கியோவுல அமெரிக்காவுக்கு வெள்ளி எடுத்தாரு. டியூக் ராகனும் அப்படித்தான், அவருக்கும் வெள்ளி. டேவிஸ் இந்த பிப்ரவரியில டபிள்யூபிஓங்கற அமைப்போட லைட்வெயிட் உலகப் பட்டத்தையே ஜெயிச்சுட்டாரு. தொழில்முறைக்குப் போயிட்டா ஒலிம்பிக் கதவு சாத்திடும்ங்கறது 2016க்கு முன்னாடி இருந்த கதை.

கோவை_நிலா:
ரியோ 2016ஐ விட்டுவிட்டீர்களே தம்பி. கதவு திறந்த முதல் ஒலிம்பிக். உலகப் பட்டம் வைத்திருந்த ஹசான் என்டாம் முதல் போட்டியிலேயே வெளியே. தாய்லாந்தின் அம்னாத் ருவென்ரோங்கும் வெறுங்கையோடுதான் போனார். டேவிஸும் ராகனும் தொழில்முறையில் சில மாதங்களே இருந்தவர்கள், மூன்று ரவுண்டு வேகம் உடம்பை விட்டுப் போகவில்லை. மூன்று வருடம் நீண்ட சண்டைக்குப் பழகியபின் அந்த வேகத்துக்குத் திரும்புவது வேறு கணக்கு.

பழைய_கையுறை:
வியாசர்பாடிப் பக்கம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் நான். நானும் மாநில அளவில் ஆடியவன்தான். நம் தமிழ்நாட்டுக் குத்துச்சண்டை வீரர் தேவராஜன் 1994இல் பாங்காக் உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கியபோது எங்கள் தெருவில் நாங்களே ஜெயித்த மாதிரி இருந்தது. அதனால் பதக்கத்தின் மதிப்பை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அது இல்லாமலே ஒருவன் நல்ல குத்துச்சண்டைக்காரனாக இருக்க முடியும் என்பதையும் கண்ணால் கண்டவன்.

எல்லோரும் முடிவைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் உடம்பைப் பற்றிப் பேசுகிறேன். வெர்டே சண்டையை நாலைந்து தடவை பார்த்தேன். முதல் ரவுண்டில் பையன் கால் எவ்வளவு லேசாக இருந்தது! மூன்றாவதில் கை இறங்கிவிட்டது. குத்து போகிறது, ஆனால் போன கை திரும்பி முகத்துக்கு வருவதற்குள் எதிராளி உள்ளே வந்துவிடுகிறான். மூச்சு போனால் முதலில் தெரிவது அங்கேதான். ஒன்பது நிமிடத்துக்கே இப்படி என்றால், பட்டத்துக்கான சண்டை 12 ரவுண்டு, 36 நிமிடம்.

இதைச் சொல்லிப் பயமுறுத்தவில்லை. ஒலிம்பிக் பாணியில் மூன்று ரவுண்டுக்குள் மார்க் சேர்க்க வேண்டும், அதனால் ஆரம்பத்திலிருந்தே கொட்டித் தீர்க்கிறார்கள். தொழில்முறையில் ரவுண்டை வாங்கவும் கற்க வேண்டும், விடவும் கற்க வேண்டும். வயிற்றில் குத்திக் குத்தி எட்டாவது ரவுண்டுக்கு முதலீடு போட வேண்டும். இந்தியாவில் இதைச் சொல்லித்தர ஆளே இல்லை என்று சொல்லலாம். அவர் ஹூஸ்டனில் பயிற்சியாளர் ரோனி ஷீல்ட்ஸிடம் போயிருக்கிறார் என்பதுதான் இந்த விஷயத்திலேயே எனக்குப் பிடித்த செய்தி.

மூன்றாம்_சுற்று:
மாஸ்டர், நீங்கள் சொன்னதே என் கட்சிக்குத்தான் பலம். மூச்சுக் குறை மூன்று ரவுண்டிலேயே தெரிகிறது என்றால், அதைச் சரிசெய்து ஒரு பதக்கத்தோடு போயிருக்கலாமே?

இன்னொன்றையும் பாருங்கள். பாரிஸில் அதே 71 கிலோவில் வெள்ளி வென்ற வெர்டே இந்த மாதம் 3ஆம் தேதி ரியாத்தில் தொழில்முறைக்கு வந்துவிட்டார். அதுவும் மெக்சிகோவின் பெரிய நட்சத்திரம் கனெலோ சண்டையிட்ட அதே மேடையில். வெண்கலம் வென்ற அமெரிக்கர் ஒமாரி ஜோன்ஸ், 2024 மார்ச்சில் இத்தாலித் தகுதிச் சுற்றில் நிஷாந்தைத் தோற்கடித்தவர், அவரும் இந்த மார்ச்சில் தன் சொந்த ஊர் ஆர்லாண்டோவில் அறிமுகமானார். அவருக்கும் மேட்ச்ரூம்தான். ஒரே நிறுவனத்தில் ஒரே எடையில் இரண்டு பேர். ஒருவர் பதக்கத்தோடு வந்தவர், மற்றவர் அவரிடம் தோற்றவர். நல்ல மேடையும் நல்ல தேதியும் முதலில் யாருக்குக் கிடைக்கும்?

ராயபுரத்தான்:
முதல் மேடை நிஷாந்துக்குத்தானே கிடைச்சுது! ஜோன்ஸுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே வேகாஸ்ல இறக்கிட்டாங்க. பதக்கம் இல்லாமலே மேட்ச்ரூம் தலைவர் எட்டி ஹெர்னைப் போல ஒருத்தர் கையெழுத்து வாங்கியிருக்காருன்னா பையன்கிட்ட எதையோ பாத்திருக்காரு.

சிங்கை_குமரன்:
எதைப் பார்த்தார் என்று நான் சொல்கிறேன். 140 கோடி மக்களைப் பார்த்தார். அதில் தவறொன்றும் இல்லை, ஆனால் சந்தைக்காக எடுத்த ஆளைப் பத்திரமாகப் பொத்தி வைப்பார்கள். எளிதான எதிராளிகளைக் கொடுத்து எண்ணிக்கையைக் கூட்டுவார்கள். விக்கின்ஸ் யார்? அவர் பெயரை முன்பு கேள்விப்பட்டவர்கள் இங்கே கை தூக்குங்கள். தவிர, இந்தியாவின் முதல் உலக சாம்பியன் ஆகப்போகிறார் என்கிறார்களே, மன்தீப் ஜாங்ரா போன நவம்பரில் கேமன் தீவில் உலகப் பட்டம் வென்றாரே, அது கணக்கில் வராதா?

கோவை_நிலா:
குமரன் அண்ணா, ஜாங்ரா வென்றது டபிள்யூபிஎஃப் பட்டம். அவர் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. 2014 காமன்வெல்த் வெள்ளி வென்றவர், அந்த வெற்றியைப் பார்த்து நானும் மகிழ்ந்தேன். ஆனால் உலக சாம்பியன் என்று குத்துச்சண்டை உலகம் ஒப்புக்கொள்வது டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ ஆகிய நான்கைத்தான். அந்த நான்கில் ஒன்று இன்னும் இந்தியாவுக்கு வரவில்லை. நிஷாந்த் குறிவைப்பது அதை.

பழைய_கையுறை:
குமரன் தம்பி, முதல் சண்டையில் பெயர் தெரியாத ஆளைக் கொடுப்பது குற்றமில்லை. உலகம் முழுக்க அப்படித்தான். முதல் மூன்று நான்கு சண்டை ரிங்கைப் பழகத்தான். எடை பார்ப்பதே முந்தின நாள். ஒலிம்பிக் பாணியில் சண்டை நாள் காலையில் பார்த்துவிட்டு அன்றே இறங்குவார்கள். சாப்பாடு, தூக்கம், தண்ணீர் எல்லாமே மாறுகிறது. எட்டாவது, பத்தாவது சண்டையிலும் இதே மாதிரி ஆள் வந்தால் அப்போது கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன்.

எனக்கு இன்னொரு பயம் உண்டு. அவருடைய வலது தோள். சின்ன வயதில் படியில் விழுந்து தோள் இறங்கி, உள்ளே கம்பி வைத்தவர். 2022இல் அதில் தொற்று வந்து மறுபடி அறுவை சிகிச்சை. அப்படிப்பட்ட தோளுக்கு நாலு வருடம் என்பது பெரிய காலம். மூன்று நாளில் மூன்று சண்டை என்று போட்டித் தொடர்களில் உடம்பை அரைப்பதைவிட, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு சண்டை என்று இடைவெளி விட்டு ஆடுவது அந்தத் தோளுக்கு நல்லது. அவர் போனதை நான் ஆதரிப்பதற்கு முதல் காரணமே இதுதான்.

மூன்றாம்_சுற்று:
தோள் விஷயத்தை நான் அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை மாஸ்டர். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்த இரண்டு மூன்று மாத இடைவெளி நிஜமாகவே கிடைக்குமா? விஜேந்தரைப் பாருங்கள். பெய்ஜிங் வெண்கலத்துக்குப் பிறகு ஏழு வருடம் கழித்து, 30 வயதை நெருங்கும்போது, 2015 அக்டோபரில் மான்செஸ்டரில் அறிமுகம். முதல் வருடம் கிடுகிடுவென்று சண்டைகள். 2016 ஜூலையில் டெல்லியில் கெர்ரி ஹோப்பைத் தோற்கடித்து ஆசிய பசிபிக் பட்டம். அன்று தியாகராஜ் அரங்கில் இருந்த கூட்டத்தை மறக்க முடியுமா! பிறகு நிறுவனம் மாறினார், 2018இல் ஒரு சண்டைகூட இல்லை. 2021 மார்ச்சில் கோவாவில் கப்பல் மேல் ரஷ்யாவின் லோப்சன் அவரை ஐந்தாவது ரவுண்டில் வீழ்த்தியபோது, பதினாறு மாதமாக ரிங் ஏறாத உடம்பு அது. 2022 வரை ஏழு வருடத்தில் மொத்தம் 14 சண்டை. திறமை போகவில்லை, நாட்கள் போய்விட்டன.

ராயபுரத்தான்:
அதான்ணே நானும் சொல்றேன்! விஜேந்தர் லேட்டாப் போனாரு, அதான் நாள் பத்தல. நிஷாந்துக்கு ஆறு வருஷம் முன்னாடியே தொடங்கியாச்சு. உங்க உதாரணம் எங்க பக்கம்தான் பேசுது.

மூன்றாம்_சுற்று:
வயதில் ஆம். சண்டை எண்ணிக்கையில் இல்லை. ஜனவரி சண்டைக்குப் பிறகு மே வந்துவிட்டது. வேகமாக வளர்க்கிற பையன் என்றால் இந்நேரம் இரண்டாவதாவது முடிந்திருக்க வேண்டாமா? இந்த வருடம் அவர் ஐந்து சண்டை போட்டால் நான் இங்கே வந்து என் வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

பழைய_கையுறை:
ஐந்து வேண்டாம், நான்கு போதும். அதில் ஒன்றாவது ஆறு ரவுண்டும் முழுசாகப் போகட்டும். முதல் ரவுண்டில் ஜெயிப்பதைப் பார்க்க எனக்கு ஆசையில்லை. ஆறாவது ரவுண்டில் அந்தக் கை முகத்துக்குத் திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.