கணக்கில் லாபம் இருந்தும் கையில் காசு நிற்காது என்கிறார்களே, பட்டறைக்கு எவ்வளவு முதல் வேண்டும்?

உளிமுனை:
உலோக பாகங்களைக் கடைசல் பிடித்துக் கொடுக்கும் சிறு பட்டறை தொடங்கத் திட்டம். இயந்திரத்துக்கான பணம் தனியாக இருக்கிறது. ஆர்டர் தர ஒரு பெரிய கம்பெனி தயார், ஆனால் பில் போட்டு 60 நாள் கழித்துத்தான் பணம் வரும். மாத விற்பனை 100 என்றால் மூலப்பொருள் 50, கூலியும் மின்சாரமும் 20, வாடகை வகையறா 15, மீதி 15. மூலப்பொருள் கடனுக்குக் கிடைக்காது. இயந்திரம் போக எவ்வளவு கையில் வேண்டும்? சம்பள வேலையை விடும் அளவுக்கு இதில் பலன் உண்டா?

பேரேடு:
நாட்களை எண்ணினால் விடை தானாக வரும். இரும்பு வாங்கிக் கிடப்பில் 15 நாள், வேலை 10 நாள், பேக்கிங் ஆகி வண்டி ஏற 5 நாள், வசூலுக்கு 60. ஆக, போட்ட காசு திரும்ப 90 நாள். மூலப்பொருளில் மட்டும் 50 × 3 = 150 முடங்கும். கூலி சற்றுத் தாமதமாகத் தொடங்குவதால் சுமார் 70 நாள் கணக்கு, அது 47. வாடகை வகையறா 3 மாதம், 45. மொத்தம் 240 சொச்சம். அதாவது ஒரு மாத விற்பனையைப் போல இரண்டரை மடங்கு, ஒரு பில் கூடத் தாமதமாகாமல் வந்தால்!

பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது இதற்கு அடுத்த கட்டத்தில். வேலை நன்றாக இருக்கிறது என்று ஆர்டரை 150 ஆக்குவார்கள். வாடகை வகையறா ஏறாமல் நின்றாலும் முடக்கம் 340 ஆகிவிடும், கூடுதலாக 100 வேண்டும். மாத லாபம் 15ஐத் தொடாமல் உள்ளேயே விட்டாலும் அந்த 100 சேர கிட்டத்தட்ட 7 மாதம். ஆர்டர் இல்லாமல் மூடும் பட்டறைகளைப் போலவே ஆர்டர் கூடி மூச்சுத் திணறுகிற பட்டறைகளும் உண்டு. ஆர்டரோடு 40% அட்வான்ஸ் கிடைத்தால் 240 பாதியாகும். விலையைவிட அட்வான்ஸுக்காகவே பேரம் பேசுங்கள்.

மைக்ரான்:
அந்த 15ல் உங்கள் சம்பளம் எங்கே சார்? மாதம் 9 எடுப்பீர்கள் என்று வைத்தால் நிலைச்செலவு 24. ஒவ்வொரு 100க்கும் மூலப்பொருள், கூலி போக நிற்பது 30. ஆக 80 வரை விற்றால்தான் கை நஷ்டம் இல்லாமல் சமம். தேய்மானத்தை இன்னும் தொடவே இல்லை.

மணிக் கட்டணம் போடும்போது மாதம் 200 மணி நேரம் என்று வகுக்காதீர்கள். செட்டிங் (ஒவ்வொரு வேலைக்கும் இயந்திரத்தைத் தயார்படுத்துவது), அளவு பார்ப்பது, டூல் மாற்றுவது, வேலைக்காகக் காத்திருப்பது எல்லாம் போக 140 மணி பில் ஆனால் பெரிது. 200ல் வகுத்த விலையில் நிலைச்செலவின் 30% உங்கள் தலையில் விழும். ரிஜெக்ட்டையும் சேருங்கள். நூற்றுக்கு 5 திரும்பி வந்தால் மறுபடி செய்ய 3.5 செலவு, லாபத்தில் கிட்டத்தட்ட கால்வாசி.

"பத்து சதவீதம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். 30 நின்ற இடத்தில் 20 நிற்கும். பழைய தொகையை எடுக்க ஒன்றரை மடங்கு வேலை செய்யணும். அந்த ஒன்றரை மடங்குக்கான முதலை மேலே பேரேடு சொல்லிவிட்டார்.

தவணை:
60 நாள் எந்தத் தேதியிலிருந்து? இதை எழுத்தில் வாங்குங்கள். பில் தேதியா, சரக்கு சேர்ந்த தேதியா, தரச்சோதனை முடிந்த தேதியா என்பதில் சாதாரணமாக இரண்டு வாரம் நழுவும். பில்லில் ஆர்டர் எண் இல்லை, சரக்கோடு போகும் சலானில் கையொப்பம் இல்லை என்றால் அது கணக்குப் பிரிவில் ஒரு மூலையில் கிடக்கும். யாரும் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள். கெடுவுக்குப் பத்து நாள் முன்பே "பில் பாஸ் ஆகிவிட்டதா" என்று கேளுங்கள். கெடு தாண்டிய பின் கேட்டால் அடுத்த பட்டுவாடா வரை தள்ளிவிடும்.

வரிப் பணத்தைத் தனிக் கணக்கில் போடுங்கள். பல வரி முறைகளில் பில் போட்ட காலத்துக்கே கட்டவேண்டியிருக்கும், வாடிக்கையாளர் கொடுத்தாரா என்பது அவர்களுக்குக் கவலையில்லை.

பலன் கேட்டீர்கள். அது திரும்ப வரும் ஆர்டரில் இருக்கிறது. ஜிக் (பாகத்தைப் பிடித்து நிறுத்தும் சாதனம்), இயந்திர புரோகிராம், கேஜ் (அளவு சரிபார்க்கும் கருவி) எல்லாம் முதல் முறையே செய்தாகிவிட்டது. இரண்டாம் முறை செட்டிங் நேரம் சரிபாதியானாலும் விலை அதேதான். அப்படிப்பட்ட பாகங்கள் கொஞ்சம் சேர்ந்து, ஒரே வாடிக்கையாளர் பங்கு 40%க்குக் கீழே வந்துவிட்டால், இழுத்தடிக்கிறவரிடம் "இந்த விலைக்கு வேண்டாம்" என்று சொல்லமுடியும். சம்பளத்தில் கிடைக்காதது இதுதான்.

உளிமுனை:
அட்வான்ஸ் தரமாட்டார்கள். இரும்பை அவர்களே கொடுத்து, கூலிக்குச் செய்தால்?

பேரேடு:
தாராளமாகக் கேளுங்கள். 150 கழன்று 92 போதும். ஆனால் மூலப்பொருள் மேல் வைக்கும் லாபம் போகும். 15 என்பது 10 ஆனால், உங்கள் சம்பளத்தோடு கணக்கிட 96 வரை ஓடினால்தான் சமம், இடைவெளியே இல்லை. எனவே முதல் ஆண்டுக்கு மட்டும் வைத்து, பிறகு சில பாகங்களுக்கு இரும்பை நீங்களே வாங்குங்கள். கடைசலில் விழும் சுருள் யாருக்கு, ரிஜெக்ட் ஆன இரும்பின் விலையை யார் ஏற்பது, எத்தனை சதவீதம் வரை, இந்த மூன்றையும் ஆர்டரிலேயே எழுதவையுங்கள். எழுதாவிட்டால் உங்கள் பில்லில்தான் கழிப்பார்கள்.