பைலட் சார்ட்டில் பெயர் போட்டிருக்கிற லெப்டினன்ட் மோரி யார்?

கேள்வி – டெக் கேடட்

செகண்ட் ஆபீசருடன் வட அட்லாண்டிக் பைலட் சார்ட் (மாதவாரியாகக் காற்றையும் நீரோட்டத்தையும் காட்டும் கடல் வரைபடம்) பார்த்துக்கொண்டிருந்தேன். அமெரிக்கக் கடற்படையில் லெப்டினன்டாக இருந்தபோது மேத்யூ ஃபான்டெய்ன் மோரி செய்த ஆய்வுகள்தான் இதற்கு அடிப்படை என்று அதில் ஒரு வரி. அட்மிரல் பெயர் என்றால் கேட்டிருக்க மாட்டேன். ஒரு லெப்டினன்ட் பெயரை இத்தனை காலம் ஏன் வைத்திருக்கிறார்கள்?

பதில் – ஓய்வுபெற்ற சீஃப் ஆபீசர்

தம்பி, நான் நாலு வருடம் கப்பலில் இருந்த பிறகுதான் அந்த வரியையே கவனித்தேன். நீ பரவாயில்லை.

மோரி 1825இல், 19 வயதில் கடற்படையில் சேர்ந்தவர். உலகத்தைச் சுற்றியும் வந்துவிட்டார். 1839இல் ஓஹையோவில் குதிரைவண்டி கவிழ்ந்து வலது கால் முறிந்து ஊனமாயிற்று. கப்பல் ஏற முடியாத அதிகாரியை என்ன செய்வது? 1842இல் வாஷிங்டனில் வரைபடங்களும் கருவிகளும் வைக்கும் கிடங்குக்குப் பொறுப்பாளராகப் போட்டார்கள். அங்கே யாரும் சீண்டாத பழைய லாக் புத்தகங்கள், அதாவது கப்பல்களின் அன்றாடக் குறிப்பேடுகள், குவிந்து கிடந்தன. நீ வாட்ச் (பணிமுறை) முடியும்போது அலுப்போடு எழுதுவாயே, காற்று இந்தத் திசை, நீரோட்டம் இவ்வளவு என்று, அதேதான். எந்த மாதம், எந்த இடம் என்று அவற்றைப் பிரித்து அடுக்கி 1847இல் முதல் சார்ட்டை வெளியிட்டார்.

முதலில் கேப்டன்கள் நம்பவில்லை. ரியோ போகிறவர்கள் பிரேசிலின் சான் ரோக் முனையை நெருங்கவே பயப்படுவார்கள். நீரோட்டம் மேற்கே தள்ளிவிடும் என்று ஆப்பிரிக்கப் பக்கமாக ஒதுங்கிச் சுற்றிப் போவது வழக்கம். அவ்வளவு பயம் வேண்டாம், முனையை ஒட்டியே போங்கள் என்றார் மோரி. 1848இல் பால்டிமோரிலிருந்து ஜாக்சன் என்ற கேப்டன் அப்படியே போய்ப் பார்த்தார். வழக்கமாக 55 நாள் ஆகும் பயணம் 38 நாளில் முடிந்தது. அப்புறம் எல்லாருக்கும் சார்ட் வேண்டும்! காசு வாங்கவில்லை மனிதர். உன் லாக் விவரத்தை எழுதி அனுப்பு, சார்ட் இலவசம். எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் பண்டமாற்றுதான்.

டெக் கேடட்

சரி சார், பதவி உயர்வு?

ஓய்வுபெற்ற சீஃப் ஆபீசர்

அதைக் கேட்டால் வயிறு எரியும். 1853இல் பிரஸ்ஸல்ஸில் பத்து நாடுகள் கூடி, கடலில் வானிலையை ஒரே முறையில் குறிக்க ஒப்புக்கொண்டன. அதற்குப் பின்னால் இருந்தவர் இவர். இரண்டே வருடத்தில், 1855இல், கடற்படைக் குழு ஒன்று இவரைப் பணிப்பட்டியலிலிருந்து ஒதுக்கிவிட்டது. சண்டை போட்டு 1858இல்தான் கமாண்டர் ஆனார்.

இன்னொரு பதில் – வரலாற்று வாசகர்

அண்ணே, மீதியையும் சொல்லுங்கள். 1861இல் பதவியை உதறிவிட்டு, அடிமைமுறையைக் காக்கப் பிரிந்த அமெரிக்கத் தென்மாநிலங்களின் பக்கம் போனார். வர்ஜீனியாவில் ஜேம்ஸ் ஆற்றில் மின்சாரக் கண்ணிவெடி வைத்ததும் இவர்தான். ரிச்மண்டில் இருந்த இவர் சிலையை 2020இல் எடுத்துவிட்டார்கள்.

ஓய்வுபெற்ற சீஃப் ஆபீசர்

எடுத்தது சரிதான், அதில் எனக்கு வருத்தமில்லை. வடதுருவத்தைச் சுற்றிப் பனியில்லாத கடல் இருக்கிறது என்றுகூட நம்பியவர்தான். லாக் புத்தகத்தை விட்டு வெளியே வந்தால் மனிதர் சறுக்கிவிடுவார்.

தம்பி, அடுத்த வாட்ச்சில் பைலட் சார்ட்டில் காற்றைக் காட்டும் நீல வட்டத்தின் நடுவே இருக்கும் எண்ணைப் பார். காற்றே இல்லாத நேரம் எத்தனை சதவீதம் என்பது அது. உனக்கு இன்ஜின் இருக்கிறது, கவலையில்லை. பாய்மரக் கேப்டன் முதலில் தேடியிருப்பது அதைத்தான்.