'உப்பு கம்மியாத்தான் போடுறோம்': வீடு வீடா சுகாதாரக் கணக்கெடுக்கும்போது உறுத்தின ஒரு பதில், சொல்லுங்க

கல்லுப்பு
நாலு பேர் இருக்கிற வீடு. "உப்பு கம்மியா சேத்துக்கிறீங்களா?" "ஆமாங்க." டிக் போட்டாச்சு. அந்தத் தெரு முழுக்க அதே ஆமாங்கதான். அடுத்த வீட்லயும் நாலு பேர்தான். அங்க கேள்விய மாத்தி, "ஒரு கிலோ பாக்கெட் எத்தனை நாள் வரும்கா?"ன்னு கேட்டதுக்கு அந்தக்கா உள்ள போய் பாக்கெட்டையே கொண்டு வந்துட்டாங்க. பதினஞ்சு நாள்ல காலி.

ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம்னு வெச்சா நாலு பேருக்கு மாசம் 600 கிராம் போதும். அங்க 2 கிலோ, அதாவது ஆளுக்கு 16 கிராமுக்கு மேல. மீன் கழுவுறது, கஞ்சியோட வடிஞ்சு போறதுன்னு கொஞ்சம் கழிச்சுக்கலாம். ஆனா ஊறுகாய், அப்பளம், கருவாடு எதுவும் அந்த பாக்கெட்ல அடங்காதே. இப்பல்லாம் புது பாக்கெட் மேல பேனாவால தேதி எழுதி வெக்கச் சொல்லிட்டு வரேன். அடுத்த தடவை போறப்போ கணக்கு தானா நிக்கும்.

ரெண்டாம்ரீடிங்
உப்புக் கணக்கெல்லாம் சரி, பிரஷரே தப்பா எடுத்தா அத வெச்சு என்ன பண்றது? குழாயடில இருந்து குடத்தோட வந்தவங்களுக்கு நின்ன வாக்குல கைல பட்டைய சுத்தினா 168/96. திண்ணைல சாஞ்சு, கால் தரைல படுற மாதிரி அஞ்சு நிமிஷம் பேசாம உக்கார வெச்சு, கைய நெஞ்சு மட்டத்துக்கு ஒரு அரிசி டப்பா மேல வெச்சு எடுத்தா 138/86. அதே ஆள்தான்.

கை தொங்கினா ஏறும், பேசினா ஏறும், சிறுநீர அடக்கிட்டு இருந்தா ஏறும். தடிச்ச கைக்கு சின்னப் பட்டைய இழுத்துக் கட்டினாலும் ஏறும். டீ குடிச்சோ பீடி பிடிச்சோ அரை மணி ஆகலேன்னா அந்த ரீடிங்க எழுதவே கூடாது. ஒரு நிமிஷம் விட்டு ரெண்டாவது தடவை எடுங்க. வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை பாக்கிற மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்னிக்கு கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில தொடங்கினதுல இருந்து மிஷின் ஊரெல்லாம் வந்தாச்சு, நாற்காலிதான் வரல. தப்பு ரீடிங்க நம்பி ஒரு நாள் கூலிய விட்டுட்டு ஆரம்ப சுகாதார நிலையம் போய், "ஒண்ணுமில்ல போம்மா"ன்னு திருப்பி அனுப்பினா அடுத்த தடவை அவங்க கையே நீட்ட மாட்டாங்க.

சுருக்குப்பை
46 வயசு அம்மா. "புகையிலை பழக்கம் உண்டா?" "சீச்சீ, இல்ல தம்பி." மடில சுருக்குப்பை. "வெத்தலையோட என்னென்ன சேப்பீங்கம்மா?"ன்னு கேட்டதும் சுண்ணாம்பு, பாக்கு, "அப்புறம் ஒரு கிள்ளு போயிலை"ன்னு வந்துச்சு. அவங்களுக்குப் புகையிலைன்னா பீடி சுருட்டுதான்.

சர்க்கரை, பிரஷர் மாதிரி நோய் வர வாய்ப்பு எவ்வளவுன்னு மார்க் போடுற படிவத்துல வயசுக்கு 2, இடுப்பு 84 செ.மீ.க்கு 1, மொத்தம் 3ன்னு நின்னது, தினமும் போயிலைக்கு 2 சேந்ததும் 5. 4ஐத் தாண்டினா முதல்ல பரிசோதனைக்கு அனுப்பணும். இடுப்பையும் கொசுவத்துக்கு மேல அளந்துடாதீங்க, சேலை மடிப்பே ரெண்டு மூணு செ.மீ. வரும்.

தொட்டித்தண்ணி
மேல உப்பு, போயிலைன்னு சொல்றதெல்லாம் ஆளோட தப்பு மாதிரியே இருக்கு. எல்லாமே பழக்கம் இல்லைங்க. டெங்குக்கு "வாரத்துல ஒரு நாள் தொட்டிய காயவிடுங்க"ன்னு சொன்னதுக்கு ஒரு பாட்டி, "எட்டு நாளைக்கு ஒருக்கா தண்ணி விடுறான். கொட்டிட்டு எத குடிக்கறது?"ன்னாங்க. நாங்க எடுக்கிறது பூராவும் கொசுப்புழு இருக்கிற வீட்டுக் கணக்கு, நூறு வீட்டுக்கு எத்தனை வீடுன்னு. தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருதுன்னு கட்டமே இல்ல. ஓரத்துல கையால கோடு போட்டு எழுதுங்க, அந்த ஊருக்கு அதுதான் தேவை.

அந்த மாதிரி ஊர்ல கொட்டச் சொல்லாதீங்க. தண்ணி விடுற அன்னிக்குக் காலைல, அடியில கிடக்கிறத குடத்துல துணியால வடிகட்டிட்டு, தொட்டிச் சுவரத் தேங்காய் நார் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்க. முட்டை ஒட்டியிருக்கிறது தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல, சுவர்ல. வெறுமனே காயவிட்டா அது சாகாது, மாசக்கணக்கா கிடந்து தண்ணி பட்டதும் பொரிக்கும். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் ஆகும்ங்கிறதால எட்டு நாள் இடைவெளியே இழுபறிதான். அதனால பழைய வேட்டிய ரெண்டா மடிச்சு தொட்டி வாய மூடி, கயிறால இறுக்கிக் கட்டணும். பலகை போட்டா இடுக்கு வழியா கொசு போயிடும். ஃப்ரிட்ஜ் பின்னாடி தட்டையும் பாருங்க, வீட்டுக்காரங்களுக்கே அது இருக்கிறது தெரியாது.

கல்லுப்பு
@தொட்டித்தண்ணி, ஒத்துக்கிறேன். ஆனா பகல் பதினோரு மணிக்குப் போனா பாட்டியும் கைக்குழந்தைக்காரங்களும்தான் ஆப்டுறாங்க. முப்பதுல இருந்து அம்பது வயசு ஆம்பளைங்க யாரும் கணக்குலயே வரல. அவங்கள எங்க பிடிக்கிறீங்க?

சுருக்குப்பை
சாயங்காலம் ஆறரைக்கு டீக்கடை பெஞ்சு. இல்லேன்னா நூறு நாள் வேலை நடக்கிற இடத்துல, மண்வெட்டி எடுக்கிறதுக்கு முன்னாடி. எடுத்தப்புறம் பிரஷர் பாக்காதீங்க.