என்ஐவி (டியூப் போடாமல் மாஸ்க் வழியாகத் தரும் செயற்கை மூச்சு) கை கொடுக்குமா, கைவிடுமா: ஒரு மணி நேரத்தில் எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வி: டியூட்டி டாக்டர், குடியாத்தம் பக்கம்

வணக்கம். 30 படுக்கை மருத்துவமனை. பைபேப் மெஷின் (மாஸ்க் வழியா அழுத்தத்தோட காற்றைத் தள்ளி என்ஐவி கொடுக்கிறது) இரண்டு இருக்கு. இரண்டுமே வீட்டில் வைக்கிற வகை, ஆக்சிஜனைத் தனி டியூப் போட்டுக் கலக்கணும். வென்டிலேட்டர் கிடையாது. ஏபிஜி (தமனி ரத்தத்தில் ஆக்சிஜன், கார்பன் டைஆக்சைடு, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் பார்க்கிற டெஸ்ட்) வெளி லேபில், முடிவு வர முக்கால் மணி நேரம். இன்டுபேஷன் (மூச்சுக்குழாயில் டியூப் போடறது) தேவைன்னா வேலூருக்குத்தான் அனுப்பணும். படுக்கை பேசி, 108 வந்து, போய்ச் சேர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அதனால "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்"னு உட்கார முடியாது. ஹாக்கோர் ஸ்கோர் (என்ஐவி தோற்குமான்னு கணிக்கிற மதிப்பெண்) 5-ஐத் தாண்டினா அனுப்பிடுங்கன்னு சொல்றாங்க. சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்), நிமோனியா, ஸ்க்ரப் டைஃபஸ் (சிறு பூச்சிக் கடியால் வர்ற காய்ச்சல்) எல்லாத்துக்கும் அந்த ஒரே எண் போதுமா?

பதில் 1: ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட், காட்பாடி

ஸ்கோர் போடுறதுக்கு முன்னாடி மெஷினைப் பாருங்க டாக்டர். தோற்றது நோயாளியா, மாஸ்க்கான்னு பிரிக்காம போடுற ஸ்கோருக்கு அர்த்தமில்லை.

உங்க மெஷின் ஒற்றைக் குழாய் வகை. வெளிமூச்சு போக மாஸ்க்கிலோ குழாயிலோ ஓட்டை இருக்கணும். ஓட்டை இல்லாத ஐசியூ மாஸ்க்கை (பெரும்பாலும் நீல நிற எல்போ) எடுத்து மாட்டி, குழாயிலும் லீக் போர்ட் இல்லேன்னா, விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார்; கார்பன் டைஆக்சைடு ஏறும். இபேப்பை (மூச்சு விடும்போது இருக்கிற அழுத்தம்) 4-க்குக் கீழே இறக்கினாலும் இதே கதிதான். மாஸ்க் பக்கம் எச்எம்இ ஃபில்டர் (மூச்சின் ஈரத்தைக் காக்கிறது) போடாதீங்க, அது டெட் ஸ்பேஸை (விட்ட மூச்சு தங்கி நிற்கிற இடம்) கூட்டும். பாக்டீரியா ஃபில்டர் மெஷின் வாயில் இருந்தா போதும்.

இன்னொன்று. ஆக்சிஜன் கலக்குற மெஷினில் ஐபேப்பை (மூச்சு இழுக்கும்போது தர்ற அழுத்தம்) ஏற்றினா உள்ளே வரும் காற்று கூடி எஃப்ஐஓ2 (இழுக்கிற காற்றில் ஆக்சிஜனோட பங்கு) இறங்கும். 12-லிருந்து 18-க்கு ஏற்றினதும் எஸ்பிஓ2 (விரலில் மாட்டுற கருவி காட்டும் ஆக்சிஜன் அளவு) குறைஞ்சா நோய் முற்றிடுச்சுன்னு பதறாம, ஆக்சிஜன் ஃப்ளோவைக் கூட்டிப் பாருங்க. எஃப்ஐஓ2 சரியாத் தெரியாததால இந்த மெஷினில் பி/எஃப் (ரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தமான பிஏஓ2-வை எஃப்ஐஓ2-ஆல் வகுத்தது) கணக்கே குத்துமதிப்புதான்.

பதில் 2: ஐசியூ டாக்டர், வேலூர்

மேலே சொன்னது அத்தனையும் சரி. மெஷின் ஒழுங்காக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

ஹாக்கோர் 2017-இல் வந்தது. ஆக்சிஜன் குறைவால் வரும் மூச்சுத் திணறலுக்காக உருவாக்கியது. இதயத் துடிப்பு, பிஎச், நினைவு, பி/எஃப், மூச்சு எண்ணிக்கை ஆகிய ஐந்தையும் என்ஐவி தொடங்கி ஒரு மணி நேரத்தில் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு ஒரு நிமோனியா நோயாளி (அடைப்புக்குள் இருப்பது ஸ்கோர்): துடிப்பு 124 (1), பிஎச் 7.36 (0), நினைவு முழு அளவான 15 (0), எஃப்ஐஓ2 50 சதவீதத்தில் பிஏஓ2 70, அதாவது பி/எஃப் 140 (4), மூச்சு 34 (1). மொத்தம் 6. அனுப்ப வேண்டியவர். அதே ஆளுக்குத் துடிப்பு 110, மூச்சு 28 என்றால் 4 தான். மூச்சை முழு நிமிடம் எண்ணாமல் கண்மதிப்பில் 28 என்று எழுதினால் முடிவே மாறிவிடும்.

ஸ்கோர் சொல்லாத ஒன்று டைடல் வால்யூம், அதாவது ஒரு மூச்சில் இழுக்கும் காற்றின் அளவு. பி/எஃப் 200-க்குக் கீழே உள்ளவர் கிலோவுக்கு 9.5 மி.லி.க்கு மேல் இழுத்துக்கொண்டே இருந்தால் என்ஐவி பெரும்பாலும் தோற்கும். கிலோ என்பது உயரத்துக்குரிய எடை: 165 செ.மீ. ஆணுக்கு 61.5 கிலோ, எனவே எல்லை 584 மி.லி. அழுத்தத்தைக் குறைத்தும் 700 காட்டினால், இழுப்பது மெஷின் அல்ல, அவர்தான். அந்த இழுப்பே நுரையீரலை மேலும் கெடுக்கும்.

மழைக்குப் பிந்தைய மாதங்களில் காய்ச்சலோடு திணறி வருபவரின் அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே எல்லாம் எஸ்கார் (பூச்சி கடித்த இடத்தில் வரும் கருப்புப் பொருக்கு) இருக்கிறதா என்று தேடுங்கள். ஸ்க்ரப் சந்தேகம் என்றால் டெஸ்ட் வரும்வரை டாக்சிசைக்ளினை நிறுத்தி வைக்க வேண்டாம். அவருக்கு ரத்த அழுத்தமும் விழுகிறதென்றால் ஒரு மணி நேரம் காத்திருக்காதீர்கள். அப்போதே படுக்கை பேசுங்கள்.

பூச்சிமருந்து குடித்தவருக்கும், கட்டுவிரியன் கடித்துக் கண்ணிமை தொங்குபவருக்கும் ஸ்கோரே போட வேண்டாம். எச்சிலை விழுங்க முடியாதவருக்கு மாஸ்க் ஆபத்து. அவர்களுக்கு டியூப்தான்.

கேட்டவர்

நன்றி சார். சிஓபிடிக்கு? இங்கே பீடி, விறகடுப்பு ரெண்டாலும் வர்றவங்கதான் அதிகம்.

பதில் 2 தொடர்ச்சி

அங்கே அளவுகோல் வேறு. முதல் பிஎச் 7.22 என்றாலே கை கழுவ வேண்டியதில்லை. ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் கேள்வி. பிஎச் ஏறி, மூச்சு எண்ணிக்கையும் இறங்கினால் பிழைத்தார். 2 மணி நேரம் கழிந்தும் 7.25-க்குக் கீழே, மூச்சு 35-க்கு மேல், மயக்கமும் தெளியவில்லை என்றால் நிற்கக் கூடாது. உங்களுக்கு லேப் தாமதம் இருப்பதால் இரண்டாவது ஏபிஜியை ஒரு மணி நேரத்திலேயே எடுத்து அனுப்புங்கள். 108-க்குச் சொல்வதை ரிசல்ட்டுக்காகத் தள்ளிப்போட வேண்டாம்; தேறிவிட்டால் வண்டியை வேண்டாமென்று சொல்லிக்கொள்ளலாம்.

பதில் 3: ஐசியூ நர்ஸ், ராணிப்பேட்டை

சிஓபிடி நோயாளி "நல்லாத் தூங்குறார்"னு வீட்டுக்காரங்க சந்தோஷமாச் சொல்லும்போதுதான் நான் பயப்படச் சொல்வேன். மூச்சு 36-லிருந்து 12 ஆகி எஸ்பிஓ2 99 காட்டினா அது தேறினது இல்லை, ஆக்சிஜன் அதிகமாப் போய்க் கார்பன் டைஆக்சைடு ஏறியிருக்கலாம். தட்டி எழுப்பிப் பேர் கேளுங்க, ரெண்டு கையையும் நீட்டச் சொல்லுங்க. மணிக்கட்டு படபடன்னு விழுந்தா உடனே டாக்டரைக் கூப்பிடுங்க. எஸ்பிஓ2 88-லிருந்து 92 போதும். நிஜமாத் தேறினவருக்குக் காறை எலும்புக்கு மேலே விரல் வைச்சா, மூச்சுக்கு மூச்சு கயிறு மாதிரி இழுத்த தசை இளகியிருக்கும்.

அனுப்பும்போது சிலிண்டர் கணக்கை மறக்காதீங்க. நிறைஞ்ச பி டைப் 1,500 லிட்டர். 15 லிட்டர் ஃப்ளோவில் 100 நிமிஷம்தான். வழியில் தாமதமானாலும் தாங்க ரெண்டு சிலிண்டர் வேணும். பேட்டரி இல்லாத பைபேப்னா வண்டியில் இன்வெர்ட்டர் பிளக் வேலை செய்யுதான்னு நோயாளியை ஏற்றுமுன் போட்டுப் பாருங்க, ஆம்பு பேக் (கையால் அமுக்கி மூச்சு கொடுக்கிற பை) தலைமாட்டிலேயே இருக்கட்டும்.