டிஷ்வாஷர் ஆன் ஆகவில்லை, ஒரு லைட்கூட எரியவில்லை. மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டுதான் காரணமா?

வேளச்சேரிவாசி:
வணக்கம். 13 பிளேஸ் செட்டிங் (13 பேர் சாப்பிட்ட பாத்திரம் கொள்ளும்) மெஷின், வாங்கி நாலு வருடம். நேற்று இரவு முழுச் சுற்றும் ஓடி முடிந்தது. காலையில் பவர் பட்டனை அழுத்தினால் லைட் இல்லை, பீப் இல்லை, உள்ளே முனகல்கூட இல்லை. நடுராத்திரி ஒருமுறை கரன்ட் போய் வந்தது. பிளக் பாயின்டில் இண்டிகேட்டர் எரிகிறது, அதே பாயின்டில் மிக்ஸியும் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கி 10 நிமிடம் விட்டும் பார்த்தாயிற்று. போனில் விசாரித்த மெக்கானிக் மெஷினைப் பார்க்காமலே “போர்டு போயிருக்கும், 11,000 ஆகும்” என்கிறார். மல்டிமீட்டர் இருக்கிறது, பிடிக்கவும் தெரியும். எங்கிருந்து ஆரம்பிப்பது?

ஒயர்மேன்63:
போர்டுக்குக் கரன்ட் போய்ச் சேருகிறது என்று தெரியாமல் போர்டைக் குற்றம் சொல்ல முடியாது சார். பணம் கட்டிவிடாதீர்கள். சுவரிலிருந்து மெஷினை நோக்கி வருவோம்.

மிக்ஸி ஓடியதை வைத்து அந்தப் பாயின்ட் நல்லது என்று சொல்லிவிட முடியாது. நம் ஊர் ஆறு ஓட்டை சாக்கெட்டில் 6 ஆம்ப் பிளக்குக்குச் சின்ன ஓட்டை, 16 ஆம்ப் பிளக்குக்குப் பெரிய ஓட்டை. உள்ளே பின்னைக் கவ்வும் பித்தளைக் கிளிப்பும் தனித்தனி. மிக்ஸி சின்ன ஓட்டையில் ஓடும், பெரிய ஓட்டையின் கிளிப் கருகி விரிந்து கிடக்கும். தண்ணீரைச் சூடாக்கும்போது டிஷ்வாஷர் 10 ஆம்ப் வரை இழுப்பதால் பெரிய கிளிப்புதான் முதலில் சாகும். பிளக்கின் பின்னை வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பின் மட்டும் பழுப்பாகவோ நீலம் பாய்ந்தோ இருந்தால், அல்லது பின்னைச் சுற்றிய பிளாஸ்டிக் இளகியிருந்தால், சாக்கெட், சுவிட்ச், பிளக் மூன்றையும் மாற்றிவிட வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் சுட்டுவிடும்.

பக்கத்தில் வாஷிங் மெஷின் இருக்கும்தானே? அதன் பிளக்கை இதில் செருகி ஓட்டுங்கள், டிஷ்வாஷர் பிளக்கை அதன் பாயின்டில் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். டெஸ்டரை நம்ப வேண்டாம்: ஃபேஸ் இருந்தால் எரிந்துவிடும், நியூட்ரல் அறுந்திருப்பதைச் சொல்லாது. மீட்டரில் ஃபேஸ்–நியூட்ரல் 220 முதல் 240 வோல்ட், ஃபேஸ்–எர்த் கிட்டத்தட்ட அதே அளவு, நியூட்ரல்–எர்த் ஓரிரு வோல்ட் வர வேண்டும். எம்சிபியை (மெயின் பெட்டியில் ஓவர்லோடு ஆனால் தானே விழும் சுவிட்ச்) ஒருமுறை முழுக்கக் கீழே தள்ளி மேலே ஏற்றுங்கள். நடுவில் நின்றால் பார்வைக்கு ஆன் போலவே இருக்கும்.

சமையல்கட்டு:
சைல்டு லாக், டிலே ஸ்டார்ட், கதவு சரியாகக் கவ்வாதது, அடித்தட்டில் தண்ணீர் தேங்கி மிதவை எழும்பியது, இவற்றைத்தான் இணையத்தில் முதலில் சொல்வார்கள். இவற்றில் பெரும்பாலும் பேனலில் ஏதாவது ஒரு லைட் எரியும், அல்லது வடிகால் பம்ப் விடாமல் ஓடிக்கொண்டிருக்கும். உங்களுடையது முழு இருட்டு. அதனால் அந்தப் பட்டியலில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

வேளச்சேரிவாசி:
பார்த்துவிட்டேன். இந்தப் பாயின்டில் வாஷிங் மெஷின் சுடுதண்ணீர் சுற்றிலும் நன்றாக ஓடுகிறது. அதன் பாயின்டில் டிஷ்வாஷர் எரியவில்லை. வோல்ட் 228, நியூட்ரல்–எர்த் 1.4. பின்கள் பளபளப்பாக இருக்கின்றன. பிளக்கைப் பிடுங்கி அதன் இரண்டு பின்னுக்கும் இடையே ஓம் பார்த்தேன்: 0.68 மெகா ஓம். எர்த்துக்கு எதுவும் காட்டவில்லை.

ஒயர்மேன்63:
நல்ல அளவீடு. அந்த 0.68 மெகா ஓம் பெரும்பாலும் மெஷின் அடியில் இருக்கும் நாய்ஸ் ஃபில்டரின் (மின் இரைச்சலை வடிகட்டும் பாகம்) டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர், அதாவது அதில் தேங்கிய மின்சாரத்தை வடிப்பது. அப்படியானால் பிளக்கும் ஒயரும் ஃபில்டர் வரை சரி. (படிக்கும் மற்றவர்களுக்கு: அந்த ரெசிஸ்டர் இல்லாத மெஷினும் உண்டு. அங்கே மீட்டர் எதுவும் காட்டாவிட்டால் ஒயர் அறுந்தது என்று முடிவு கட்டாமல், அதன் இரு முனைகளையும் தனியே சோதியுங்கள்.)

மிச்சம் இருப்பது ஃபில்டரிலிருந்து கதவுக்கு ஏறும் பாதை. ஒயர்க் கட்டு கீழே கீலைச் சுற்றித்தான் கதவுக்குள் போகிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் அதே இடத்தில் மடங்கும். தினம் நாலைந்து முறை என்றாலும் நாலு வருடத்தில் ஆறாயிரம் தடவைக்கு மேல். மேலுறை முழுசாக இருக்க, உள்ளே செம்பு மட்டும் இழை இழையாக அறும்.

பிளக்கைச் செருகி, பவர் பட்டனை அழுத்திக்கொண்டே கதவை மிக மெதுவாக, முழுத் திறப்பிலிருந்து மூடும் நிலை வரை கொண்டு வாருங்கள். ஏதாவது ஒரு கோணத்தில் லைட் கண் சிமிட்டினால் நோய் அங்கேதான். உள்ளே கை வைக்கும் வேலையே இல்லை.

வேளச்சேரிவாசி:
சிமிட்டியது! கதவு பாதித் திறப்புக்குச் சற்றுக் குறைவாக, ஏறக்குறைய 40 டிகிரியில் நிற்கும்போது பேனல் எரிகிறது. ஒரு விரல்கடை நகர்த்தினால் அணைகிறது. மூன்று முறை செய்து பார்த்தேன், அதே இடம். பிளக்கைப் பிடுங்கி, அடிப்பலகையைக் கழற்றி டார்ச் அடித்தேன். இடது கீல் பக்கம் பழுப்பு ஒயர் ஒன்று விரலால் வளைத்தால் ஓரிடத்தில் மட்டும் நூல்போலத் தொய்ந்து மடிகிறது, மற்ற ஒயர்கள் விறைப்பாக வில்லாக வளைகின்றன. முறுக்கி டேப் சுற்றினால் போதுமா?

போர்டுவைத்தியர்:
கூடாது. அந்த ஒயரில் எவ்வளவு கரன்ட் ஓடுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மெயின் போர்டு கதவுக்குள் இருக்கும் மாடல் என்றால் ஹீட்டரின் 10 ஆம்ப்பும் கீல் வழியாகத்தான் போய் வரும். முறுக்கிய இணைப்பு நாளடைவில் சூடாகி உருகிவிடலாம், பக்கத்தில் ஈரமும் இருக்கிறது. போர்டு அடியில் இருந்து பேனல் மட்டும் கதவில் இருந்தால் ஓட்டம் சொற்பம், ஆனால் ஃபேஸ் ஃபேஸ்தான், தொட்டால் ஷாக் அடிக்கும்.

அதனால் முதல் தேர்வு, உங்கள் மாடல் எண்ணைச் சொல்லிக் கதவு ஒயர்க் கட்டை முழுசாக வாங்கி மாற்றுவது. மாடல் எண் கதவைத் திறந்தால் அதன் விளிம்பு ஸ்டிக்கரில் இருக்கும். கிடைக்காவிட்டால் இப்படி: அறுந்த இடத்தில் ஒட்டாதீர்கள். கீலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு சாண் தள்ளி, மடங்காத இடத்தில் வெட்டி, நடுத்துண்டு முழுவதையும் புது ஒயராகப் போடுங்கள். சிலிக்கான் உறை போட்ட பல இழைச் செம்பு ஒயர், பழையதன் தடிமனுக்குக் குறையாமல். ஹீட்டர் ஓட்டம் போகும் ஒயர் என்றால் 1.5 சதுர மில்லிமீட்டர். இணைப்பைக் கிரிம்ப் செய்து (இரு முனையையும் சின்ன உலோகக் குழாயில் வைத்து இடுக்கியால் நசுக்கி) மேலே ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடுபட்டால் சுருங்கி இறுகும் உறை) போடுங்கள். சால்டர் செய்தால் ஈயம் ஏறிய இடம் விறைத்து, அதன் ஓரத்திலேயே மறுபடி அறும். மடங்கும் இடத்தில் அது ஆகவே ஆகாது.

பழுப்பு ஒயர் அறுந்திருந்தால் அதே கட்டில் மற்றவையும் களைத்திருக்கும். ஒவ்வொன்றையும் மீட்டரில் பீப் (ஒயர் அறுபடாமல் இருந்தால் ஒலிக்கும் நிலை) வைத்துப் பிடித்துக்கொண்டே மடக்கிப் பாருங்கள். பச்சை-மஞ்சள் எர்த்தை மறக்காதீர்கள். அது அறுந்தால் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும், ஈரக்கையோடு இரும்புக் கதவைத் தொடும்போதுதான் தெரியவரும். எர்த் பின்னுக்கும் கதவின் இரும்புத் தகட்டில் பெயின்ட் இல்லாத திருகுக்கும் இடையே 1 ஓமுக்குள் வர வேண்டும்.

கதவின் வெளித்தகட்டைக் கழற்ற வேண்டியிருந்தால் உள்பக்க ஓரத்துத் திருகுகள் பெரும்பாலும் டி20 நட்சத்திரத் தலை. கடைசி இரண்டைக் கழற்றும்போது ஒருவர் தகட்டைத் தாங்கட்டும், அது சட்டென்று விழும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் போர்டைத் தொடப் 10 நிமிடம் பொறுங்கள்.

கதவு எந்தக் கோணத்திலும் சிமிட்டாதவர்கள் போர்டுக்கு வரும் சாக்கெட்டில் 230 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். மின்சாரத்தோடு செய்யும் வேலை இது, பழக்கமில்லாதவர் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். அங்கே வந்தும் இருட்டு என்றால் அப்போது போர்டைப் பார்க்கலாம். ஃபியூஸ், நீல நிற வட்ட வில்லைபோன்ற வேரிஸ்டர் (எகிறும் வோல்டேஜைத் தடுக்கும் பாகம்), பவர் பகுதியின் சின்ன ரெசிஸ்டர், இந்த மூன்றும்தான் வோல்டேஜ் எகிறினால் பெரும்பாலும் வெடிக்கும். சென்னையில் கரப்பான் பூச்சி எச்சம் படிந்து ஷார்ட் ஆன போர்டும் அடிக்கடி வரும். இவற்றைப் பெரும்பாலும் பழுது பார்த்துவிடலாம், முழு போர்டு வாங்க வேண்டாம்.

வேளச்சேரிவாசி:
ஒயர்க் கட்டு ஆர்டர் கொடுத்தாயிற்று. மற்ற ஒயர்களை மடக்கிப் பார்த்ததில் நீல ஒயரும் நடுவில் பீப் விட்டு விட்டு அடிக்கிறது. எர்த் 0.3 ஓம். புதுசு மாட்டும்போது கீல் பக்கம் எவ்வளவு தளர்வு விட வேண்டும்?

ஒயர்மேன்63:
கதவை முழுக்கத் திறந்து வைத்து, அந்த நிலையில் ஒயர் இழுபடாமல் இரண்டு விரல் அகலம் தொய்வு இருக்கிற மாதிரி கேபிள் டை கட்டுங்கள். பழைய கட்டில் கிளிப் எங்கே இருந்ததோ அதே ஓட்டையில் புதிய கிளிப்பும் உட்கார வேண்டும். பிறகு கதவை மூடி, டார்ச் அடித்து, தொய்ந்த பகுதி கீலின் ஸ்பிரிங்கில் உரசவில்லை என்று பார்த்துவிட்டு அடிப்பலகையை மாட்டுங்கள்.