அப்ரைட் வாக்யூம் கார்ப்பெட்டில் மண்ணை எடுக்க மறுக்கிறது: காற்றோட்டத்தைக் கூட்ட என்ன மாற்றலாம்?

குமரன்_ஸ்கார்பரோ
வணக்கம். சனிக்கிழமை வீட்டில் விசேஷம், அவசரமாகக் கேட்கிறேன். நின்றபடி கைப்பிடியைப் பிடித்துத் தள்ளும் அப்ரைட் ரக வாக்யூம். சத்தம் பலமாகப் போடுகிறது, ஆனால் கார்ப்பெட்டில் மண் அப்படியே கிடக்கிறது. காற்று போதவில்லை என்று நினைத்து முன்மூடியில் 10 மி.மீ. அளவில் ஆறு துளை போட்டேன். இன்னும் மோசமாகிவிட்டது. பெரிய மோட்டார் மாட்டலாமா? எத்தனை ஆம்பியர் வரை போகலாம்?

மலர்_மிசிசாகா
தம்பி, என்ன மாடல்? பை உள்ளதா, டப்பா உள்ளதா? கார்ப்பெட் கட்டையானதா, புசுபுசுவென்று இருப்பதா? பெல்ட் எப்போது மாற்றியது? இது எதுவுமே தெரியாமல் மோட்டாரைப் பற்றி என்ன சொல்வது?

பெல்ட்_தாசன்
பெல்ட்தான், வேறு எதையும் பார்க்க வேண்டாம். ரப்பர் பெல்ட் அறுந்தால்தான் மாற்ற வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது அறுவதற்குப் பல மாதம் முன்பே இளகிவிடும். வாக்யூமைத் தூக்கிப் பிடித்தால் பிரஷ் ரோலர் நன்றாகச் சுற்றும், கார்ப்பெட்டில் வைத்ததும் நின்றுவிடும். புது பெல்ட் போடுங்கள், சரியாகிவிடும்.

ரவி_ஈஸ்ட்ஹாம்
மோட்டார் மாற்றுவதற்கு முன் ஒரு விஷயம். எங்கள் லண்டன் பக்கம் ஐரோப்பிய விதிப்படி வாக்யூம்களுக்கு 2014 செப்டம்பரில் 1600 வாட், 2017 செப்டம்பரில் 900 வாட் என்று உச்சவரம்பு வைத்தார்கள். அதற்குப் பிறகு வந்த மெஷினிலும் என் கார்ப்பெட் சுத்தமாகத்தான் இருக்கிறது. வாட் கூடினால் இழுப்பு கூடும் என்று நம்பிப் பணத்தை விடாதீர்கள்.

சுந்தரம்_காற்றியல்
இந்தக் கேள்விக்கு இங்கே குறைந்தது பத்து முறை பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. சரி, இன்னொரு முறை.

உறிஞ்சும் அழுத்தம் வேறு, காற்றோட்டம் வேறு. வாக்யூம் காற்றை இழுக்கும் வாயை உள்ளங்கையால் முழுக்க அடைத்தால் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், காற்றோட்டம் பூஜ்ஜியம். அந்த நிலையில் ஒரு மணல் துகள்கூட நகராது. மணலைத் தூக்கிக்கொண்டு போவது ஓடும் காற்று, அதைக் கார்ப்பெட் நூலின் அடியிலிருந்து கிளப்பிவிடுவது பிரஷ். நீங்கள் போட்ட ஆறு துளையும் காற்றுக்குக் குறுக்குவழி. கார்ப்பெட் வழியாக வர வேண்டிய காற்று துளை வழியாக வந்துவிடுகிறது. முதலில் அதை அடையுங்கள். அடிப்படை தெரியாமல் டிரில்லை எடுத்தால் இப்படித்தான் ஆகும்.

குமரன்_ஸ்கார்பரோ
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். ஆபீஸ்களில் ஓட்டும் பழைய ரக மெஷின், செகண்ட்ஹேண்ட். பெயர்த் தகடு பாதி உரிந்துவிட்டது, 120 வோல்ட் 7 ஆம்பியர் என்பது மட்டும் தெரிகிறது. கைப்பிடியில் பெரிய துணிப்பை தொங்கும், நிறைந்தால் உதறிவிடுவோம். வீட்டுக்காரர் போட்ட கட்டையான கார்ப்பெட். பெல்ட் போன மாதம்தான் மாற்றினேன்.

பெல்ட்_தாசன்
போன மாதம் போட்ட பெல்ட் சரியான அளவா? கொஞ்சம் நீளமாக இருந்தாலும் நழுவும்.

மூர்த்தி_பழுதுக்கடை
பதினொரு வருஷம் இந்த மெஷின்களைக் கழற்றி மாட்டியிருக்கிறேன் தம்பி, அதனால் சொல்கிறேன். இந்த ரகத்தில் விசிறி முதலில், பை பிறகு. தூசியும் மண்ணும் விசிறி வழியாகவே போய், பின்னால் குழாயில் ஏறிப் பைக்குள் விழும். பாதை குட்டை, அதனால் 840 வாட்டிலேயே காற்று அள்ளிக்கொண்டு வரும். ஆனால் உள்ளே போன காற்று முழுவதும் பையின் துணி வழியாகத்தான் வெளியேற வேண்டும். துணி அடைத்தால் மொத்தமும் அடைத்தது மாதிரி.

சத்தம் பலமாக இருக்கிறது என்றீர்களே, அது கனமான சத்தமா, கீச்சென்று ஏறிய சத்தமா? காற்று தடைப்பட்டால் விசிறிக்குச் சுமை குறைந்து மோட்டார் வேகமாகச் சுற்றும். கேட்பவருக்கு மோட்டார் பலமாக ஓடுவது போலத் தோன்றும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கவிழ்த்து, அடித்தகட்டையும் பெல்ட்டையும் எடுங்கள். மோட்டார் தண்டைச் சுற்றியுள்ள வாயில் டார்ச் அடித்தால் விசிறி தெரியும். நாணயம் அடித்து இறக்கை உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். ரோலரின் இரண்டு முனையிலும் தலைமுடி சுற்றியிருக்கும், அதையும் வெட்டி எடுங்கள்.

குமரன்_ஸ்கார்பரோ
கீச் சத்தம்தான் அண்ணா. விசிறி முழுசாக இருக்கிறது. ரோலரின் இடது முனையில் மகளின் முடி விரல் தடிமனுக்கு இறுகிக் கிடந்தது, நடுவே நாலு ஸ்டிக்கர் பொட்டு. கத்தரிக்கோலால் எடுத்தேன். துளைகளுக்கு டேப் ஒட்டினேன். கொஞ்சம் தேவலை, ஆனால் போதாது.

மலர்_மிசிசாகா
சாமி அறையிலும் இதைத்தான் ஓட்டுகிறீர்களா? விபூதி, ஊதுபத்திச் சாம்பல் எல்லாம்?

குமரன்_ஸ்கார்பரோ
ஆமாம் அக்கா, தினமும். அப்பா விபூதியைத் தாராளமாக எடுப்பார், கீழே கொட்டும். வாடைக்காகக் கார்ப்பெட்டில் சமையல் சோடாவும் தூவுவோம். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மலர்_மிசிசாகா
அதுதான் முழுச் சம்பந்தமும்! மண் பையில் விழுந்து கிடக்கும், உதறினால் போய்விடும். விபூதியும் சோடாவும் மாவு மாதிரி, நூலுக்கு நடுவே ஏறி உட்கார்ந்துகொள்ளும். என் அம்மா வீட்டில் இதே கதை நடந்தது. பையை வெளிப்புறம் விரலால் தேய்த்துப் பாருங்கள், வெள்ளையாக வரும்.

ஜெயா_மார்க்கம்
பையைத் துவைத்துவிடுங்கள். வாஷிங் மெஷினில் போட்டால் போதும்.

மூர்த்தி_பழுதுக்கடை
வேண்டாம் அம்மா. உள்ளே இருக்கும் தூள் தண்ணீர் பட்டதும் சேறாகி நூலோடு ஒட்டிவிடும். பை சுருங்கினால் கழுத்துப் பிடியும் பொருந்தாது.

ஜெயா_மார்க்கம்
நான் மூன்று முறை துவைத்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

கண்ணன்_பிராம்ப்டன்
கார்ப்பெட்டே வேண்டாம் என்கிறேன். பிடுங்கிவிட்டு மரத்தளம் போடுங்கள், விளக்குமாறு போதும்.

மலர்_மிசிசாகா
வாடகை வீடு என்று அவர் சொன்னதைப் படித்தீர்களா? வீட்டுக்காரர் எப்படிச் சம்மதிப்பார்? குளிர்காலத்தில் குழந்தை தரையில் விளையாட வேண்டாமா?

கண்ணன்_பிராம்ப்டன்
பாய் விரித்து விளையாடலாமே. நாம் எல்லோரும் அப்படித்தானே வளர்ந்தோம்.

ஜெயா_மார்க்கம்
பாயைப் பற்றித் தனி இழை திறங்கள். பையைத் துவைக்கலாமா என்பதற்கு இன்னும் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

சுந்தரம்_காற்றியல்
விஷயத்துக்கு வருவோம். 1907இல் ஒகையோ மாநிலத்தின் கான்டன் ஊரில் ஸ்பேங்க்ளர் என்ற துப்புரவுத் தொழிலாளி, ஆஸ்துமாவோடு கடையைப் பெருக்க முடியாமல், மின்விசிறி மோட்டார், சோப்புப் பெட்டி, விளக்குமாற்றுக் கம்பு இவற்றோடு ஒரு தலையணை உறையை வைத்து மெஷின் செய்தார். 1908இல் காப்புரிமை. பிறகு ஹூவர் குடும்பம் அதை வாங்கியது. உங்களுடையது அதே வம்சம். சோதனையையும் அதே உறையை வைத்தே செய்யலாம்.

துணிப்பையைக் கழற்றி, நன்றாகத் துவைத்துக் காய்ந்த தலையணை உறையைக் குழாய் வாயில் இறுகக் கட்டுங்கள். வெளியே, முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஒரு கால்மிதியின் மேல் ஓட்டுங்கள். சத்தம் இறங்கி, மண் ஏறினால் பைதான் குற்றவாளி.

கண்ணை நம்ப வேண்டாம், தராசை நம்புங்கள். வாக்யூம் கார்ப்பெட்டை எவ்வளவு சுத்தம் செய்கிறது என்று அளக்கும் ஏ.எஸ்.டி.எம். எஃப்608 என்ற தரச் சோதனையில் 90 பங்கு மணலும் 10 பங்கு டால்க் பவுடரும் கலந்து கார்ப்பெட்டில் அழுத்தித் தேய்க்கிறார்கள். நீங்கள் 100 கிராம் உலர்ந்த மணலை மட்டும் தூவி, பழைய பையோடு ஒரு முறை, உறையோடு ஒரு முறை ஓட்டுங்கள். முன்னும் பின்னும் கால்மிதியைச் சமையல் தராசில் வையுங்கள்.

மூர்த்தி_பழுதுக்கடை
ஐயா சொல்வது சரி. பைதான் என்று தெரிந்தால் பெரிய மோட்டாரை மறந்துவிடுங்கள். ஜிப் வைத்த வெளிப்பையும் உள்ளே போட்டுத் தூக்கியெறியும் பையும் உள்ள செட் கடையில் கேளுங்கள். குழாய்க் கழுத்தும் சேர்த்து மாற்ற வேண்டும், பழையதில் உள்பை நிற்காது. காகிதத்தை விடச் செயற்கை இழைப் பை நல்லது. சாம்பலை மட்டும் ஈரத்துணியில் எடுங்கள்.

குமரன்_ஸ்கார்பரோ
பார்க்கிங்கில் வைத்துச் செய்தேன். 100 கிராம் மணலில் பழைய பையோடு ஓட்டினபோது கால்மிதியில் 46 கிராம் தங்கிவிட்டது. தலையணை உறையோடு 15 கிராம்தான். சத்தமும் இறங்கிவிட்டது. செட் வாங்கப் போகிறேன். எல்லோருக்கும் நன்றி.

பெல்ட்_தாசன்
அந்த 15 கிராம் பெல்ட்டால் இருக்கலாம். அளவு என்ன என்று இன்னும் சொல்லவில்லையே?

சுந்தரம்_காற்றியல்
புதுப் பை மாட்டியதும் அதே கால்மிதியில், அதே மணலில் ஒரு முறை எடை போட்டு இங்கே எழுதுங்கள். ஆறு துளைகளையும் டேப்போடு விட்டுவிடாமல் எபாக்சிப் பசையால் அடையுங்கள்.

மலர்_மிசிசாகா
தம்பி, சனிக்கிழமை விசேஷம் நல்லபடியாக நடந்ததா? பை மாட்டியாயிற்றா?