இரண்டு நஞ்சுக்கொடிகள் இருந்தால் ஒத்த இரட்டையராக இருக்க முடியாதா?

கேள்வி

எங்கள் இரட்டை ஆண் குழந்தைகளுக்கு இப்போது மூன்று வயது. கர்ப்பகால ஸ்கேனில் இரண்டு நஞ்சுக்கொடிகள் தெரிந்ததால், இவர்கள் இரு வேறு கருமுட்டைகளிலிருந்து உருவானவர்கள் என்றே எங்களிடம் சொன்னார்கள். ஆனால் வளர வளர முகம், காதுமடல், நடை எல்லாம் ஒன்றுபோலவே இருக்கின்றன. இளையவனின் இடக் கன்னத்தில் உள்ள மச்சத்தைப் பார்த்துத்தான் உறவினர்கள் அடையாளம் காண்கிறார்கள். இவர்கள் ஒத்த இரட்டையராக இருக்கக்கூடுமா? அப்படியானால் மச்சம் ஒருவனுக்கு மட்டும் எப்படி வந்தது? என் தாயாரும் தாய்மாமாவும் இரட்டையர் என்பதையும் குறிப்பிட விரும்புகிறேன்.

மறுமொழி 1

நிச்சயமாக இருக்கக்கூடும். ஒரே விந்தணுவால் கருவுற்ற ஒரே முட்டை பின்னர் இரண்டாகப் பிரிவதால்தான் ஒத்த இரட்டையர் உருவாகிறார்கள். அந்தப் பிரிவு எந்த நாளில் நிகழ்கிறது என்பதைப் பொறுத்தே நஞ்சுக்கொடிகளின் எண்ணிக்கை அமைகிறது. ஏறக்குறைய முதல் மூன்று நாட்களுக்குள் பிரிந்தால், நஞ்சுக்கொடியாக வளர வேண்டிய செல்கள் அப்போது தனியாக வகைபிரிந்திருக்காது என்பதால், ஒவ்வொரு கருவும் தனக்கென ஒரு நஞ்சுக்கொடியையும் பனிக்குடத்தையும் அமைத்துக்கொள்கிறது. 4 முதல் 8 நாட்களுக்குள் பிரிந்தால் நஞ்சுக்கொடி ஒன்று, பனிக்குடம் இரண்டு. அதற்கும் பிந்தினால் பனிக்குடமும் ஒன்றே; ஏறக்குறைய 13 நாட்களுக்குப் பிறகு பிரிவு முழுமையடையாமல் போனால் ஒட்டிப் பிறக்கிறார்கள்.

ஒத்த இரட்டையரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் உங்கள் பிள்ளைகளைப் போல இரண்டு நஞ்சுக்கொடிகளுடன் வளர்ந்தவர்களே. இதற்கு மறுபக்கமும் உண்டு: இரு முட்டை இரட்டையரின் நஞ்சுக்கொடிகள் அருகருகே பதிந்து, ஒட்டி வளர்ந்து, பார்வைக்கு ஒன்றாகவே தோன்றலாம். நஞ்சுக்கொடியைப் பகிரும் கருக்களுக்கிடையே இரத்த ஓட்டம் சமனற்றுப் போகும் ஆபத்து இருப்பதால், கர்ப்பகாலக் கண்காணிப்புக்கு இந்த எண்ணிக்கை மிக முக்கியம். ஆனால் இரண்டு நஞ்சுக்கொடிகள் இருப்பதை மட்டும் வைத்து இரட்டையரின் வகையை முடிவு செய்வது தவறு.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. இருவருக்கும் இரத்த வகை ஒன்றே. அதை வைத்து உறுதி செய்யலாமா?

மறுமொழி 2

இயலாது. சாதாரண உடன்பிறப்புகளுக்கும் ஒரே இரத்த வகை அமைவது மிக இயல்பு. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுக்கும் மாதிரியைக் கொண்டு டி.என்.ஏ. சோதனை செய்யலாம், அதில் ஆளுக்கு ஆள் வேறுபடும் பல இடங்களை ஒப்பிடுவார்கள். இரு முட்டை இரட்டையர் மரபணு அளவில் சராசரியாகப் பாதியளவே ஒத்திருப்பதால், அத்தனை இடங்களும் தற்செயலாகப் பொருந்திப்போவது நடைமுறையில் நிகழாது.

மறுமொழி 3

மச்சம் குறித்தும் குடும்ப வரலாறு குறித்தும் யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். மச்சம் எங்கே தோன்றும் என்பதை மரபணு மட்டும் வரையறுப்பதில்லை. கைரேகையும் அப்படித்தான், கருப்பையில் விரல்நுனி வளரும் சூழலின் நுண்ணிய வேறுபாடுகள் அதில் பதிவதால் ஒத்த இரட்டையருக்கும் ரேகைகள் மாறுபடுகின்றன. டி.என்.ஏ.வே முற்றிலும் ஒன்றாக இருப்பதில்லை. ஐஸ்லாந்தில் நடந்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு, கரு வளர்ச்சியின் தொடக்கத்தில் ஏற்பட்ட மரபணு மாற்றங்களில் ஒத்த இரட்டையர் சராசரியாக 5.2 இடங்களில் வேறுபடுவதைக் காட்டியது.

உங்கள் தாயாரும் மாமாவும் பெண்ணும் ஆணுமாகப் பிறந்ததால் அவர்கள் இரு முட்டை இரட்டையர் என்றே கொள்ளலாம். குடும்பத்தில் தொடர்வது அந்த வகைதான், அதாவது ஒரே மாதவிடாய்ச் சுழற்சியில் இரண்டு முட்டைகள் வெளிவரும் இயல்பு. கருமுட்டைப் பையைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனோடு தொடர்புடைய மரபணு வேறுபாடுகள் இதில் பங்கு வகிப்பதாக 2016இல் கண்டறிந்தார்கள். கருவுற்ற முட்டை பிளவுபடுவதோ பெரும்பாலும் தற்செயல். உலகெங்கும் ஆயிரம் பிரசவங்களுக்கு ஏறக்குறைய 4 என்ற அளவிலேயே நிகழ்கிறது. ஆகவே சோதனையில் பிள்ளைகள் ஒத்த இரட்டையர் என்று தெரிந்தால், அவர்கள் பிறப்புக்குத் தாயாரின் குடும்ப வரலாறு காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எவ்வாறாயினும் அந்த இயல்பு உங்கள் வழியாக மகன்களுக்கு வந்திருக்கலாம். அவர்களிடம் அது வெளிப்படாது, அவர்களுக்குப் பிறக்கும் பெண்களிடம் வெளிப்படக்கூடும்.